பொறாமை: ஒரு சொல்லுள் இரு நோய்



ஆங்கில இலக்கியத்தைத் தமிழில் பெயர்ப்போர் இடறும் ஓரிடத்தை இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன். 'என்வி' என்பது ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல். 'ஜெலசி' என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் 'பொறாமை' என்றே பெயர்த்துவிடுகிறோம். ஆங்கிலம் பேசுவோரே பேச்சுவழக்கில் இவற்றை மயங்கவிடுவதுண்டு. எனினும் இவை குறிக்கும் மனநிலைகள் வெவ்வேறு.

பிறரிடம் உள்ளது நம்மிடம் இல்லையே என்று வேகும் மனநிலை என்வி. இதற்கு இருவர் போதும்: உடையவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர். நமக்கே உரியதென நாம் கருதும் அன்பை மூன்றாமவர் கவர்ந்துகொள்வாரோ என்று அஞ்சும் மனநிலை ஜெலசி. இதற்கு மூவர் வேண்டும். முன்னது இல்லாமையில் பிறக்கும். பின்னது இழப்பச்சத்தில் பிறக்கும்.

சொற்பிறப்பும் இதற்குச் சான்று பகர்கிறது. என்வி, தீய நோக்கொடு பார்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. அதனாலன்றோ இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே, இக்குற்றம் புரிந்தோரின் இமைகள் இரும்புக் கம்பியால் தைக்கப்பட்டிருப்பதாகப் பாடினார்! 'கண்பட்டுவிட்டது' என்னும் நம் வழக்கிலும் இக்கருத்து உண்டு. ஜெலசியோ, பற்றார்வத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஆங்கில விவிலியம் இறைவனுக்கே இதன் அடையைச் சூட்டுகிறது. அவ்விடத்தில் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'பொறாமை' என்னாது 'எரிச்சல்' என்றது கருதத்தக்கது.

1604ஆம் ஆண்டு இலண்டன் அரண்மனையில் நடிக்கப்பெற்ற 'ஒத்தெல்லோ' நாடகத்தில் இவ்விரண்டும் எதிரெதிர் நிற்கின்றன. தனக்குக் கிட்டாத பதவி காசியோவுக்குக் கிட்டியதைப் பொறாதவன் இயாகோ. மனைவியின் அன்பு பிறன்பால் சென்றதென நம்பி அழிந்தவன் ஒத்தெல்லோ. ஒருவன் நெஞ்சின் என்வி, மற்றவன் நெஞ்சில் ஜெலசியை விதைக்கிறது. அதற்கு ஒரு கைக்குட்டை கருவியாகிறது. இருவரையும் 'பொறாமைக்காரர்' என்று தமிழில் எழுதிவிட்டால், வஞ்சித்தவனும் வஞ்சிக்கப்பட்டவனும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டுவிடுவர்.

அவ்வாறாயின் தமிழில் இவ்வேறுபாடு இல்லையோ எனின், உண்டு என்க. திருக்குறளின் 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. அஃது அறத்துப்பாலில் உள்ளது. புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்னும் இறுதி மூன்று அதிகாரங்கள் காமத்துப்பாலில் உள்ளன. அழுக்காற்றை முற்றும் கடிந்த அதே வள்ளுவர், புலவியை உணவுக்கு இட்ட உப்பாகக் காண்கிறார். சிறிது மிகினும் சுவை கெடும் என்றும் எச்சரிக்கிறார். தலைவன் தும்முகிறான், வாழ்த்திய தலைவியே மறுகணம், உம்மை நினைத்தவள் யாரென்று கேட்டு அழுகிறாள். அங்கே மூன்றாமவள் கற்பனையில் மட்டுமே இருக்கிறாள். ஜெலசியின் இயல்பை இதனினும் நுட்பமாகக் காட்டல் அரிது.

ஆயினும் ஒத்தெல்லோவின் கொடுந்துயரை 'ஊடல்' எனப் பெயர்த்தல் தகாது. ஊடல் கூடலை நோக்கியது. அவனுடையதோ கொலையில் முடிந்தது. ஆகவே, என்விக்கு 'அழுக்காறு', 'பொறாமை' ஆகிய இரண்டையும் உரிமையாக்கிவிட்டு, ஜெலசிக்கு இடம்நோக்கிப் புலவி, துனி, காதல் ஐயம், எரிச்சல் என்பவற்றுள் ஏற்றதைத் தேர்தல் நலம் என்பது என் கருத்து. பொறாமை என்னும் சொல்லின் அமைப்பே, பிறர் உயர்வைப் பொறுக்கமாட்டாத தன்மையைத்தானே உணர்த்துகிறது?

கவிஞர் பெருமக்களே, இது மொழிபெயர்ப்பாளர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. உடனிருந்து எழுதும் ஒருவரின் நல்ல கவிதையைக் கேட்கையில் நம் நெஞ்சு சுடுகிறதே, அச்சூடு எத்தகையது? 'அவருக்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லையே' என்பதாயின் அஃது அழுக்காறு. அவரை அவையறியப் பாராட்டுவதே அதற்கு மருந்து. 'என்மேல் இவ்வட்டம் கொண்ட அன்பு அவர்பால் போய்விடுமோ' என்பதாயின் அஃது இழப்பச்சம். அதற்குப் பாராட்டு மருந்தாகாது. நண்பரிடம் மனந்திறந்து பேசுதலே மருந்து. நோயின் பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடும். பத்தாண்டு கூடியிருந்தோர் மேலும் பல்லாண்டு கூடியிருக்க, இவ்விரண்டையும் பிரித்தறியும் சொல்வளம் துணைநிற்க வேண்டும்.