இறக்கிய நூலும் படித்த நூலும்

வெளியூரில் பணிபுரியும் மகன் விழாவுக்கு ஊர் வரும்போது தந்தைக்கு ஒரு கிண்டில் கருவி வாங்கி வருகிறான். ஆயிரம் நூல்கள் இதனுள் அடங்கும் என்று சொல்லிக் கையில் கொடுக்கிறான். தந்தையும் மகிழ்ந்து, பேரனின் துணையோடு முந்நூறு நூல்களை அதில் ஏற்றிக்கொள்கிறார். மூன்று திங்கள் கழிகின்றன. கருவி மேசை இழுப்பறையில், மின்னேற்றம் வற்றி, பழைய மூக்குக் கண்ணாடிகளுக்கு அருகில் கிடக்கிறது. இது ஓர் இல்லத்தில் மட்டும் காணும் காட்சி அன்று. கருவியில் பழுதில்லை, தந்தையிடமும் சோம்பல் இல்லை. கொடுத்தவரும் பெற்றவரும் அதனை நூல்களின் கிடங்காகக் கருதினரே அன்றி, படிப்பதற்குரிய பொருளாகப் பழக்கிக்கொள்ளவில்லை.

முதலில் கருவியின் இயல்பை அறிதல் நன்று. கைப்பேசியின் திரை தானே ஒளி உமிழ்வது. மின்படிப்பானின் திரையோ காகிதத்தைப் போலத் தன்மீது விழும் ஒளியைத் திருப்பித் தருவது. அத்திரையில் நுண்ணிய குமிழ்கள் பரவியுள்ளன. ஒவ்வொரு குமிழினுள்ளும் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. மின்னூட்டம் மாறும்போது ஒருவகைத் துகள் மேலெழ, மற்றது கீழிறங்க, எழுத்துத் தோன்றுகிறது. தோன்றிய எழுத்தை நிறுத்திவைக்க மின்சாரம் வேண்டுவதில்லை. பக்கம் மாறும்போதே வேண்டும். ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்குவது இதனாலேயே. 2004-இல் ஜப்பானில் சோனி நிறுவனமும், 2007-இல் அமெரிக்காவில் அமேசான் நிறுவனமும் இத்தகைய கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. 2016-இன் இறுதியில் தமிழ் நூல்களும் கிண்டிலில் இடம்பெற்றன. அழைப்பு மணியோ வாட்ஸ்அப் செய்தியோ குறுக்கிடாமை இக்கருவியின் தனிச்சிறப்பு. அந்த ஒரு குணத்திற்காகவே இதனை வாங்கலாம்.

கருவி இழுப்பறைக்குப் போவதற்கு முதற்காரணம் பெரும்பாலும் கோப்பின் வகை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் கிடைக்கும் பழைய நூல்களில் மிகப் பல, பக்கங்களைப் படம்பிடித்துத் தொகுத்த பி.டி.எஃப் கோப்புகளே. ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். ஆறு அங்குலத் திரையில் அது சுருங்கி நிற்கையில் எழுத்துகள் எறும்புச் சாரை போலத் தோன்றும். பெரிதாக்கினாலோ வரியில் பாதி திரைக்கு வெளியே சென்றுவிடும். விரலால் இப்புறமும் அப்புறமும் இழுத்து இழுத்துப் படிப்பவர் நான்காம் பக்கத்திலேயே அலுத்துப்போவார். இ-பப் போன்ற எழுத்துக்கோப்பின் இயல்பு வேறு. எழுத்தின் அளவை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் திரையின் அகலத்துக்கேற்பத் தாமே மடிந்து அமையும். அறுபதைக் கடந்தவர் ஒரு பக்கத்திற்குப் பத்து வரிகள் மட்டும் வைத்துக்கொண்டு தடையின்றிப் படிக்கலாம். கண்ணின் குறையால் படிப்பையே கைவிட்டவர் மீண்டும் படிக்கத் தொடங்குவதற்கு இஃது ஒன்றே போதும்.

எழுத்துக்கோப்புகள் எங்கே கிடைக்கும் எனின், 1998 பொங்கல் நாளன்று சுவிட்சர்லாந்து வாழ் தமிழர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தை முதலில் சொல்லவேண்டும். உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த நூல்கள் அங்கு உள்ளன. திருக்குறள் அதன் முதல் எண்; நாலடியாரும் அங்கு உண்டு. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இக்கால நூல்களை இ-பப் வடிவத்திலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப் வடிவத்திலும் இலவசமாகத் தருகிறது. கணினியில் உள்ள கோப்புகளை வகை மாற்றவும் ஒழுங்குபடுத்தவும் காலிபர் என்னும் இலவச மென்பொருள் உள்ளது. அதனை 2006-இல் தொடங்கியவர் கோவித் கோயல் என்னும் இந்தியர்.

ஆயினும் படநூலை இகழ்தல் கூடாது. தட்டச்சு செய்த பாடத்தில் ஓர் ஒற்றுப் பிழைத்தாலும் பொருள் பிறழும். ஐயம் எழும் இடத்தில் பழைய அச்சுப் பக்கத்தின் படமே சான்றாகும். படநூலைப் பெரிய திரையுள்ள கணினியிலோ கைக்கணினியிலோ வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும், எழுத்துநூலை மின்படிப்பானில் படிப்பதுமே தக்க முறை.

சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் 1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். கும்பகோணத்துச் சைனப் பெரியோர்கள் சமயச் சொற்களின் பொருளை அவருக்கு விளக்கி உதவியதைத் தம் வரலாற்றில் அவர் நன்றியுடன் குறித்துள்ளார். ஒரு சொல் நூலில் எங்கெங்கு வருகிறது என்று அறிய அக்காலத்தில் ஏடு முழுவதையும் புரட்ட வேண்டியிருந்தது. ஐயர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதி சேர்த்ததன் அருமை அப்பொழுதுதான் விளங்கும். இன்று எழுத்துக்கோப்பில் அது நொடிப்பொழுதின் செயல். ஆனால் தமிழில் தேடுவதற்கு ஒரு நுட்பம் உண்டு. 'அறம்' என்று தேடினால் 'அறத்தால்', 'அறத்தின்' என்பன அகப்படா. 'அறத்' என்று மற்றொருமுறை தேடவேண்டும். பவணந்தியாரின் நன்னூலில் புணரியல் கற்றவரே தேடுபொறியிலும் முழுப்பயன் பெறுவர் என்பது ஒரு சுவையான செய்தி. பொருள் காண, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி உள்ளது. கையருகே அதனைத் திறந்துவைத்துக்கொண்டு நாளொன்றுக்குப் பத்துச் செய்யுள் படித்தால், மூவாயிரத்து நூறுக்கும் மேற்பட்ட செய்யுள்களை உடைய சிந்தாமணி ஓராண்டுக்குள் நிறைவுறும்.

பத்துச் செய்யுள் படிப்பவர்க்கு முந்நூறு நூல்கள் எதற்கு? மிகுபொருள் விரும்பாமை பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரிய நோன்பு அன்று போலும். கருவியில் ஐந்து நூல்களை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றைக் கணினியில் விட்டுவிடலாம். முடித்த நூலை நீக்கிய பின்னரே அடுத்ததை ஏற்றுவது என்று வைத்துக்கொண்டவர்களே உண்மையில் படிக்கிறார்கள்.

இனி, விலை கொடுத்து வாங்கும் மின்னூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியுள்ளது. 2009 சூலைத் திங்களில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில பிரதிகளை, அவற்றை வெளியிட்டவருக்கு உரிமை இல்லை என்று கண்டு, வாங்கியோரின் கருவிகளிலிருந்து அமேசான் தானே அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. தலைவரே பின்னர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும் ஒரு பள்ளி மாணவர் பாடத்திற்காக எழுதிவைத்த குறிப்புகள் சார்ந்து நின்ற நூலே இல்லாமற்போயிற்று. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் வாங்கிய நூல்கள் மறைந்தன. பணம் மட்டும் மீண்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலை இணையதளத்திலிருந்து கணினியில் இறக்கிவைத்துக்கொள்ளும் வழியையும் அமேசான் நிறுத்திவிட்டது. காகித நூலை விற்றவர் இரவில் வீடு புகுந்து அதனை எடுத்துச்செல்ல இயலாது. மின்னூலில் வாங்குபவர் பெறுவது நூல் அன்று, படிக்கும் உரிமம். அவ்வுரிமம் மக்களுக்கு உயில் எழுதி வைக்கத்தக்கதும் அன்று. ஒருமுறை படித்துவிட்டு விடும் நூல்களை மின்னூலாக வாங்கலாம். பெயரர்க்கும் விட்டுச்செல்லக் கருதும் நூலைக் காகிதத்திலேயே வாங்குதல் அறிவுடைமை.

பொதுவுடைமையான நூல்களின் நிலை வேறு. பனையோலை ஏடு சில நூற்றாண்டுகளில் சிதைவது. பழைய நூல்கள் இன்றுவரை நிலைத்தது, சிதையும் முன்னர் ஒவ்வொரு தலைமுறையும் அவற்றைப் பெயர்த்தெழுதியதனால். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் இடம்பெற்றதன் காரணமும் அதுவே. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பர். மின்கோப்பும் ஓலையைப் போன்றதே. தட்டு பழுதாகும், கருவி மாறும், வடிவம் வழக்கொழியும். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். ஆண்டுக்கொருமுறை வேறொரு தட்டிலும் படியெடுத்து வைக்காத கோப்பு இல்லாத கோப்பாகவே முடியும்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்த பின் அவர் எழுத்து பொதுவாகிறது. 1942-இல் மறைந்த உ.வே.சா.வின் நூல்களை எவரும் படியெடுத்து எவர்க்கும் வழங்கலாம். வாழும் எழுத்தாளரின் நூலைப் பி.டி.எஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதைச் சிலர் சாத்திர தானம் போலவே எண்ணுகின்றனர். கள்ளாமை நோன்பு பூண்ட குடும்பங்களில் இது நிகழ்வது நாணத்தக்கது.

குறிப்பெடுத்தல் பற்றிச் சிறிது. கிண்டிலில் கோடிட்ட பகுதிகள் 'மை கிளிப்பிங்ஸ்' என்னும் ஒரே கோப்பில் சேர்கின்றன. கம்பிவடம் வழியே அதனைக் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாதந்தோறும் அதனை எடுத்து ஏட்டில் கையால் எழுதி வைப்பவருக்குப் படித்தது மறவாது.

கண்பார்வை மிகக் குன்றியோருக்குக் கைப்பேசியே உரக்கப் படித்துக்காட்டும் வசதி தமிழிலும் வந்துள்ளது. உரைநடையை அது ஓரளவு நன்றாகவே படிக்கிறது. செய்யுளில் சீர் பிரித்த இடமெல்லாம் தடுக்கி விழுகிறது, ஓசையும் கெடுகிறது. அதற்கு வீட்டில் உள்ள பேத்தியோ பேரனோ அருகில் அமர்ந்து வாய்விட்டுப் படிக்கவேண்டும். அப்பொழுது எழுத்தின் அளவை அவர்கள் கண்ணுக்கேற்பச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.