அவர் கையாலும் ஒரு செடி வளரட்டும்
(நலத்திட்ட உதவிகள் வழங்கும் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சக்கர நாற்காலிகள் வழங்கியிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதில் அமர்ந்த பிறகு ஒருவர் நாளை எப்படிக் கழிப்பார்? பக்கவாதத்தில் கை விழுந்தவருக்குச் சோறு ஊட்டுகிறோம், உடை மாற்றிவிடுகிறோம். காலை முதல் இரவுவரை அவர் பிறரிடம் வாங்குபவராகவே இருக்கிறார். அவர் கொடுப்பதற்கும் ஏதாவது வேண்டாமா?

அதற்கு எளிய வழி செடி வளர்ப்பு. இது புதிய யோசனை அல்ல. உலகப் போர்களில் காயம்பட்ட வீரர்களுக்கு அமெரிக்க மருத்துவமனைகளில் தோட்ட வேலை மறுவாழ்வுப் பயிற்சியாக இருந்தது. பச்சையைப் பார்ப்பதே நன்மை என்பதை ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

வெந்தயம் தூவிப் பாருங்கள். நான்கைந்து நாளில் முளைக்கும், மூன்று நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம். தூவும்போது விரல்களுக்குப் பயிற்சி; தண்ணீர் ஊற்றக் காலையில் எழ ஒரு காரணம். கீரை சட்டிக்குப் போகும்போது, "இது வாப்பா வளர்த்தது" என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

சில ஏற்பாடுகள் வேண்டும். குனிய முடியாதவருக்குத் தொட்டியை மேசை உயரத்தில் வையுங்கள். சக்கர நாற்காலி என்றால் கீழே முழங்கால் நுழைய இடம் விடுங்கள். பிடிமானம் குறைந்தவருக்குக் கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். பார்வையற்றவருக்குப் புதினாவும் கற்பூரவல்லியும் வாசனையாலேயே அடையாளம் தெரியும். சர்க்கரை நோயாளி வெறுங்காலுடன் மண்ணில் இறங்கக் கூடாது. மறதி நோய் உள்ளவர் வீட்டில் அரளி வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. மருந்தை நிறுத்தவும் கூடாது. இது மருந்தோடு சேர்ந்து உதவுவது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அவசரப்பட்டு நீங்களே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஆகட்டும், பாதி சிந்தட்டும். அந்த வேலை அவருடையது.

மரம் நடுவது ஸதகா என்று அறிவோம். உதவி பெறுபவர் என்று நாம் எண்ணுகிறவருக்கும் அந்த நன்மையில் பங்கு உண்டு. வீடு போனதும் ஒரு தொட்டி மண்ணை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.