எலியைத் தாண்டி வர வேண்டும்



பல்லாவரத்துக்குத் தெற்கே, தாம்பரம் சானடோரியத்தில், 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வடகிழக்கே தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம். நீரிழிவுக்கான தாவர மருந்துகளைப் பற்றிப் பேச நாம் கூடியிருக்கும் பல்லாவரம் இந்த இரண்டுக்கும் நடுவே. இன்று நான் பேச விரும்புவது பெரும்பாலும் சிறுகுறிஞ்சானைப் பற்றி.

தேநீர் இடைவேளையில் வெளியே மேசைமேல் அதன் இலைகள் இருக்கும். ஒரு இலையை நன்றாக மென்று, சாற்றை நாக்கு முழுவதும் படரவிட்டு, துப்பி வாயைக் கொப்பளித்துவிடுங்கள். பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போடுங்கள். பல்லில் மணல்போல நறநறக்கும். இனிப்பு மட்டும் இருக்காது. உப்பும் புளிப்பும் எப்போதும்போல் தெரியும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவில் இனிப்பை உணரும் ஏற்பிகளை அடைத்துக்கொள்வதே காரணம். சற்று நேரத்தில் சுவை திரும்பிவிடும்.

நாக்கில் நடப்பது உடலுக்குள்ளும் பயன்படுமா என்று மனிதரிடம் பார்த்தவர்கள் அந்தத் தரமணி நிறுவனத்தின் இ.ஆர்.பி. சண்முகசுந்தரம், ராதா சண்முகசுந்தரம் குழுவினர். 1990இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேர் வழக்கமான மாத்திரையுடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாரத்தைப் பதினெட்டு முதல் இருபது மாதம் எடுத்துக்கொண்டார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கியது. ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் 27 பேரிடம் அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வு, இன்சுலின் தேவை குறைந்ததாகச் சொன்னது.

இந்த எண்ணிக்கை சிறியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை; போலி மருந்து கொடுத்து ஒப்பிடவில்லை. ஆனால் பாதை போட்டவர்கள் அவர்கள். அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நம்மில் பெரும்பாலோர் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு அதன் பீட்டா செல்களை அழிக்கிறோம். ஏதோ ஒரு இலைச்சாரம் கொடுக்கிறோம். சர்க்கரை இறங்கியதும் கட்டுரை எழுதிவிடுகிறோம். நம் ஊர் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பதோ இரண்டாம் வகை. இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காததுதான் அங்கே பாதிச் சிக்கல். அந்த எலி அவர்களுக்குப் பதில் சொல்லாது. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுள்ளவர்கள் 10 கோடிக்கு மேல்.

வெளிநாட்டில் ஒரு செடி எப்படி மருந்தானது என்று பாருங்கள். ஐரோப்பாவின் காலேகா செடி ஆடுகளைக் கொல்லும் நச்சுச் செடி. அதிலுள்ள காலெஜின் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவுக்குக் கடுமை. அதே குவானிடின் குடும்பத்தில் 1922இல் டப்ளினில் தயாரான பொருள் மெட்ஃபார்மின். 1957இல் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை அதுதான். ஆப்பிள் மரப்பட்டையில் 1835இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசினும் இப்படியே. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் இன்றைய கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளுக்கு அது வழிகாட்டியது.

இன்னொன்று, செடியின் அடையாளம். ஆவாரைக் குடிநீரில் சேரும் கடலழிஞ்சில் எது என்று கேட்டால் எல்லோரும் ஒரே செடியைக் காட்டுவதில்லை. அப்படிக் காட்டப்படும் செடிகளில் ஒன்றான பொன்கொரண்டியின் வேரில் சலாசினால் இருப்பதை 1997இல் ஜப்பானியர் கண்டறிந்தார்கள். குடலில் மாவுச்சத்து உடைவதை அது தாமதப்படுத்தும். ஆனால் கடையில் வாங்கிய வேர் அந்தச் செடியின் வேர்தானா? இதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக் குழியிலிருந்து எடுத்த கற்கோடரி சான்றாக நிற்பது, எந்த இடத்தில் எந்த மண்ணில் கிடந்தது என்று அவர் எழுதிவைத்ததால்தான். இங்கே கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் செடியை எங்கே, எப்போது பறித்தீர்கள், உலர் மாதிரி எந்தத் தாவரச் சேகரிப்பில் எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அமர்வுத் தலைவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது, பாதுகாப்பு. நாட்டு மருந்துக் கடையில் சர்க்கரை நோய்க்கான பொடி வாங்கும் அம்மா, காலையில் கிளிமிபிரைடு மாத்திரையும் போடுகிறார். மருத்துவரிடம் பொடியைச் சொல்வதில்லை. திட்டுவாரோ என்ற பயம். இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்தால் மயங்கி விழுவார். மாத்திரையுடன் எவ்வளவு பொடி, எத்தனை மணி இடைவெளி, எந்தச் சிறுநீரக நோயாளிக்கு ஆகாது என்பதற்கு நம்மிடம் திடமான பதில் வேண்டும்.

ஆகவே சித்த மருத்துவர்களையும் நீரிழிவு மருத்துவர்களையும் இன்று பிற்பகல் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறோம். தரமணியில் 22 பேரிடம் பார்த்ததைச் சில நூறு பேரிடம், குலுக்கல் முறையில், போலி மருந்துடன், ஓராண்டாவது பார்க்க ஒரு திட்ட வரைவை மாலைக்குள் எழுதித் தாருங்கள். தரம் பார்த்த ஒரே சாரம், ஒரே அளவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்.பி.ஏ.1சி., கூடவே கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை. அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கேட்டு அலையும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.