வாசலில் விட்டுச்செல்லும் நாய்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



மகாபாரதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் குருசேத்திரத்திலோ, சூதாடிய சபையிலோ இல்லை. யுத்தமெல்லாம் ஓய்ந்து, அரசையும் துறந்து, பாண்டவர் ஐவரும் பாஞ்சாலியும் இமயத்தை நோக்கி நடக்கிறார்களே, அந்த இடந்தான். அத்தினாபுரத்திலிருந்து ஒரு நாய் அவர்களைத் தொடர்ந்து வருகிறது. வழியில் முதலில் பாஞ்சாலி வீழ்கிறாள். பின்னர் சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என்று ஒருவர் பின் ஒருவராக வீழ்கின்றனர். எஞ்சியது தருமனும் அந்த நாயும். இந்திரன் தேரோடு வந்து, ஏறிக்கொள் என்கிறான். நாயும் என்னோடு வரவேண்டும் என்கிறான் தருமன். நாயோடு வருவோருக்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்பது இந்திரனின் விடை.

நமது வில்லிபுத்தூரார் தமது பாரதத்தைப் பத்துப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டார். ஆகவே, பதினேழாம் பருவமாகிய மகாபிரஸ்தானிகம் அவரிடம் இல்லை. பதினெட்டுப் பருவங்களையும் தமிழில் நிறைவு செய்தவர் நல்லாப்பிள்ளை. ஆயினும், நம்மில் அநேகர் இந்த நாயை நூல்வழி அறிந்தவர்களல்லர். ஆச்சிமார் சொல்லக் கேட்டவர்களே.

இந்தக் கதை எனக்கு மீண்டும் ஞாபகத்திற்கு வந்த இடத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டிஸ்னி பூங்காவுக்குப் போகும் வழியிலுள்ள ஒரு நாய்க் காப்பகத்தின் முன்மண்டபம்.

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம், கனடாவில் பாடசாலை விடுமுறை. என் அக்காவின் மகள் குடும்பத்தினர் ரொறன்ரோவிலிருந்து ஓர்லாண்டோவுக்கு வானிலேயே போவதென்று முடிவு செய்தார்கள். ஏறத்தாழ 2000 கிலோமீற்றர் தூரம். மருமகள், அவள் கணவர், இரண்டு பிள்ளைகள், எழுபத்தொரு வயதான அக்கா, விருந்தாளியாகப் போயிருந்த நான், இவர்களோடு மிலோ. மிலோ ஒன்பது வயதுக் கலப்பின நாய். எனக்கு அமெரிக்க விசா கிடைத்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். மிலோவுக்கு அதைவிட இலகுவாகவே கிடைத்தது. 2024 ஓகஸ்ட் மாதத்திலிருந்து, கனடாவிலிருந்து போகும் நாய்க்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதற்கு ஆறு மாத வயது நிரம்பியிருக்க வேண்டும். தோலுக்கடியில் அரிசிமணி அளவில் ஒரு மைக்ரோசிப் இருக்க வேண்டும். மிலோவிடம் எல்லாம் இருந்தன.

டிஸ்னியின் உலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது மிருகங்களால் கட்டப்பட்ட உலகம். வோல்ட் டிஸ்னி தம் மனைவிக்குத் தொப்பிப் பெட்டியொன்றினுள் ஒரு நாய்க்குட்டியை வைத்துப் பரிசளித்தார் என்றும், 'லேடி அண்ட் த ட்ராம்ப்' என்ற சித்திரப்படத்தின் தொடக்கக் காட்சி அதிலிருந்துதான் பிறந்தது என்றும் சொல்வார்கள். அந்தப் படம் திரைக்கு வந்தது 1955 ஜூன் மாதம். அடுத்த மாதம் 17ஆந் திகதி கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. அவர் படைத்த நாய்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. கூஃபி இரண்டு காலில் நிமிர்ந்து நடந்து பேசுகிறது. புளூட்டோவோ நான்கு காலில் நடந்து குரைக்கிறது. அதை வளர்ப்பது ஓர் எலி! நாய்க்குள்ளேயே இரண்டு சாதிகள். பூங்காவுக்குள் இவ்விரு நாய்களின் வேடமிட்ட மனிதர்களைக் கட்டியணைத்துப் படம் பிடிக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். உண்மையான நாய் வாசலோடு நின்றுவிட வேண்டும்.

இதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆயிரக்கணக்கான சனம், வாணவேடிக்கை, சுடும் தரை. அதற்குள் ஒரு நாய் படும் பாடு சந்தோசமாக இராது. கலிபோர்னியாப் பூங்காவின் வாயிலருகே 1958 இலேயே, நாய் உணவு தயாரிக்கும் கம்பனியொன்றின் பெயரைத் தாங்கி ஒரு நாய்க் காப்பகம் திறக்கப்பட்டது. புளோரிடாப் பூங்கா 1971 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அங்கும் வாயில்களின் அருகே சிறுசிறு காப்பகங்கள் இருந்தன. 2010 இல் அவற்றுக்குப் பதிலாகப் பெரிய காப்பகம் ஒன்று வந்தது. சொர்க்கத்தின் வாயிலில் இந்திரனுக்குத் தோன்றாத யோசனை இது. தேருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் தருமனுக்கு வாதாட வேலையே இருந்திராது.

காப்பகம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் காரின் கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்து, 'ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுவோம்' என்று நாயைப் பூட்டிவிட்டுப் போவோர் உண்டு. வெளியே 27 பாகை செல்சியஸ் வெப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது இதமான காலைப்பொழுது. நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் அது 37 பாகையைத் தொடும். அரை மணித்தியாலத்தில் 45 பாகையைத் தாண்டும். கண்ணாடியைச் சற்றுத் திறந்துவைப்பதால் பெரிய பயனில்லை. நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே அது உடற்சூட்டைத் தணிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றே கொதித்தால் இளைத்து என்ன பயன்? உடற்சூடு 41 பாகைக்கு மேலே போனால் உயிருக்கு ஆபத்து. பூட்டிய காருக்குள் உயிராபத்திலிருக்கும் பிள்ளையையோ வளர்ப்பு மிருகத்தையோ மீட்க, உரிய அதிகாரிகளுக்கு அறிவித்துவிட்டுக் கண்ணாடியை உடைப்பவர் நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்று புளோரிடாவில் 2016 இல் சட்டமே இயற்றினார்கள்.

ஆகவே மருமகள் இரண்டு மாதங்களுக்கு முன்பே காப்பகத்தில் இடம் பதிந்துவிட்டாள். தடுப்பூசிப் பத்திரங்கள் கேட்டார்கள்: நீர்வெறுப்பு நோய்க்கு ஒன்று, டிஸ்ரெம்பர், பார்வோ நோய்களுக்கு ஒன்று, போர்டெடெல்லா எனப்படும் இருமலுக்கு ஒன்று. பல நாய்கள் ஒரே கூரையின் கீழ் மூச்சுவிடும் இடத்தில், பாலர் வகுப்பில் தடிமன் பரவுவது போல இந்த இருமல் பரவும். புறப்படுகிற அன்று ஊசி போட்டால் பயனில்லை; உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாவதற்கு நாட்கள் வேண்டும். வழக்கமான உணவையே கொண்டுவரும்படியும் சொன்னார்கள். திடீரென்று உணவை மாற்றினால் வயிறு குழம்பும். வீட்டு மணமுள்ள துணி ஏதாவது இருந்தால் நல்லது என்றார்கள். அக்கா தன் பழைய நூற்சேலை ஒன்றில் பாதியைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தா.

அந்த முன்மண்டபத்தில்தான் சங்கடம் தொடங்கியது. உள்ளே எங்கேயோ பத்துப் பதினைந்து நாய்கள் குரைக்கின்றன. சீருடையணிந்த ஒரு பெண் சிரித்த முகத்தோடு கையை நீட்டுகிறாள். அக்கா சங்கிலியைக் கொடுக்கவில்லை.

"இது ஆஸ்பத்திரியோ, மறியலோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டா.

"ரெண்டுமில்லை அம்மா, ஹோட்டல் மாதிரி" என்றாள் மருமகள். "பின்னேரம் ஆறரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போவம்."

அந்தப் பெண் ஒரு பற்றுச்சீட்டை அச்சிட்டு நீட்டினாள். அக்கா அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தா. திரும்பி வரும் நேரம் எங்கே எழுதியிருக்கிறது என்று விரலால் தேடிக் கண்டுபிடித்த பிறகே சங்கிலியை விட்டா. மிலோ நாலடி போய்த் திரும்பிப் பார்த்தது. கதவு மூடிக்கொண்டது.

பூங்காவுக்குள் நுழையும் வரிசையில் கண்பார்வையற்ற ஒருவரை ஒரு லாப்ரடோர் நாய் வழிநடத்திக்கொண்டு வந்தது. 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊனமுற்றோருக்கு உதவி செய்யப் பழக்கப்பட்ட நாய்களை அங்கே தடுக்க முடியாது.

"இதை மட்டும் எப்பிடி விட்டவை?" என்றா அக்கா.

"அது வேலை செய்யிற நாய் அம்மா."

"அப்ப மற்றது சும்மா இருக்கிற நாயே?"

மருமகளிடம் பதில் இருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

நாய்க்குப் பிரிவு தெரியுமா என்று விஞ்ஞானிகளும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். தாயைப் பிரிந்த சிறு குழந்தை அந்நிய அறையில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்க்கும் ஒரு பரிசோதனை உண்டு. அதே முறையில், 1998 இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 51 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். வளர்ப்பவர் உடனிருந்தபோது நாய்கள் புதிய அறையில் உலாவின, விளையாடின. அவர் போனதும் வாசற்கதவருகே போய் நின்றன. குழந்தையும் இதைத்தான் செய்கிறது. 2011 இல் சுவீடனில் இன்னொரு ஆய்வு. நாயை அரை மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், நான்கு மணித்தியாலம் என்று தனியே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அரை மணித்தியாலத்தை விட இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வரவேற்பு பலமாக இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நான்குக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. எனக்கு இது ஆறுதலாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. நான்கு மணித்தியாலத்தின் பின் நாய் என்ன நினைக்கிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸின் நாய் ஆர்கோஸ் இருபது ஆண்டுகள் காத்திருந்தது. எருக்குவியலின் மீது கிடந்தபடியே எசமானை அடையாளம் கண்டு, வாலை ஆட்டி, உயிரை விட்டது. மாறுவேடத்திலிருந்த ஒடிசியஸ் அதன் அருகே போகவும் முடியாமல், கண்ணீரை மறைத்துக்கொண்டு துடைத்தான்.

மத்தியானம் பிள்ளைகளும் பெற்றோரும் ஏதோ ஒரு படகில் ஏறுவதற்காக வரிசையில் நின்றார்கள். அக்காவும் நானும் நிழலில் ஒரு வாங்கில் இருந்தோம். கூஃபி வேடம் போட்டவர் எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

"தம்பி, உனக்கு ரைகரை ஞாபகமிருக்கோ?" என்றா அக்கா.

ஞாபகம் இருந்தது. அக்கா வீட்டுக் கபில நிற நாய். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்ததே, அப்போது நான் கொழும்பில் வேலையாக இருந்தேன். ரைகர் என்னவாயிற்று என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை, எத்தனையோ மனிதர்களையே விசாரிக்க வேண்டியிருந்த காலம் அது.

"செம்மணி வெளி மட்டும் வந்தது. நல்ல மழை. சைக்கிளிலை முன்னுக்கு இவள், பின்னுக்கு மூட்டை. சின்னவனை அத்தான் தோளிலை வைச்சிருந்தவர். சனமெண்டால் காலெடுத்து வைக்க இடமில்லை. மிதிபட்டுச் செத்துப்போகும் எண்டு நினைச்சு, வீட்டை போ எண்டு கலைச்சனான். போகேல்லை. கல்லெடுத்து எறிஞ்சனான். காலிலை பட்டிட்டுது. கொஞ்சம் பின்னுக்குப் போய் இருந்து பாத்துது. பிறகு நான் திரும்பிப் பாக்கேல்லை."

1996 ஏப்ரலின் பின் மக்கள் திரும்பியபோது அக்காவும் திரும்பினா. கூரையில்லாத வீடு இருந்தது. ரைகர் இல்லை. கல்லெறிந்ததை இருபத்தொன்பது ஆண்டுகளாக யாருக்கும் சொல்லவில்லையாம்.

இந்திரன் தருமனைப் பார்த்து இன்னொரு கேள்வியும் கேட்கிறான். தம்பியரையும் மனைவியையும் வழியில் விட்டுவிட்டு வந்தாயே, இந்த நாயை விட மட்டும் ஏன் மறுக்கிறாய் என்று. அவர்கள் இறந்த பின்னரே விட்டேன், உயிரோடிருக்கும்போது விடவில்லை என்கிறான் தருமன். சிறு வயதில் இந்தப் பதிலைக் கேட்டு எனக்குப் புல்லரித்திருக்கிறது. அந்த வாங்கில் இருந்து யோசித்தபோது, தருமனுக்குச் சற்று வசதி அதிகம் என்றே பட்டது. அவனுக்கு முன்னே தேர் நின்றது. அக்காவுக்குப் பின்னே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வியாசர் தருமனின் கையில் ஒரு குழந்தையைக் கொடுக்கவில்லை.

இதை நான் அக்காவிடம் சொன்னேன். "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பாரதம்" என்றுவிட்டு எழுந்தா.

மூன்று மணிக்கெல்லாம் காப்பகத்துக்குப் போகவேண்டும் என்று நின்றா. இடையில் போய்ப் பார்த்தால் நாய்க்கு மறுபடியும் ஒரு பிரிவு என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அதில் நியாயம் இருந்தது. ஆயினும் போனோம். உள்ளே விடாமல், ஒரு கண்ணாடிச் சாளரத்தின் வழியே காட்டினார்கள். மிலோ நூற்சேலைத் துண்டைக் காலால் சுரண்டிக் குவித்து, அதன் மீது முகத்தை வைத்து நித்திரையாயிருந்தது. அக்கா கண்ணாடியைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காலடி ஓசை கேட்காமல் வெளியே வந்தா.

ஆறரைக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதே அக்கா முன்மண்டபத்தில் நின்றா, பற்றுச்சீட்டைக் கையில் பிடித்தபடி. கதவு திறந்தது. மிலோ பாய்ந்து வந்தது. பிள்ளைகளின் மேல் ஏறி விழுந்து, மருமகளின் கையை நக்கி, அக்காவின் சேலையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, நேரே வெளியே ஓடி வானின் பின் ஆசனத்தில் தன் வழக்கமான மூலையில் ஏறிக்கொண்டது.

"பாத்தியே தம்பி," என்றா அக்கா, "ஒரு கோபமும் இல்லை."