மருந்துச் சீட்டில் எழுதப்படாத தேதி

மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்பநர்கள் ஆகிய நால்வகையினரும் ஒரே அரங்கில் கூடியிருப்பதால் நேரே பொருளுக்கு வந்துவிடுகிறேன். சில மருந்துகளில் ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையின் உறுப்பு. மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பரிசோதனையை நோயாளியின் நினைவாற்றலுக்கு விடுவது பாதிச் சிகிச்சைதான். என் வாதம் இவ்வளவே.

இதற்கு மனச்சிதைவு மருந்தான க்ளோசபினை விடத் தெளிவான சான்று இல்லை. 1975-இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் அடியோடு வற்றின; தொற்றைத் தாங்க முடியாமல் 8 பேர் இறந்தனர். பல நாடுகள் மருந்தை விலக்கின. 1988-இல் ஜான் கேனும் அவருடைய சகாக்களும், வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவு நோயாளிகள் 268 பேரிடம் செய்த ஆய்வு நிலைமையை மாற்றியது. குளோர்புரோமசினில் 4 சதவீதத்தினரே தேறியபோது, க்ளோசபினில் 30 சதவீதத்தினர் தேறினர். அடுத்த ஆண்டே அமெரிக்கா அதை அனுமதித்தது. வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1993-இல் வெளிவந்த கணக்கின்படி 11,555 பேரில் 73 பேருக்கு அந்த அணுக்குறைவு வந்தது. இறந்தவர்கள் 2 பேர். பின்லாந்தில் கொன்ற அதே மூலக்கூறுதான் இது. அதைப் பயன்படுத்தத் தக்கதாக்கியது ஒரு சிறு குழாய் ரத்தம்.

ஆனால் எல்லா மருந்துக்கும் இந்த அட்டவணை பொருந்தாது. க்ளோசபினின் அணுக்குறைவு பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வருகிறது. காய்ச்சலுக்கு முன்பே எண்ணிக்கையில் தெரிந்துவிடும். அதனால் காலண்டர் பார்த்து ரத்தம் எடுப்பது பலன் தருகிறது. மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியத்தின் கதை வேறு. கடைசி வேளை மருந்து எடுத்து 12 மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் நிற்க வேண்டும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானாகவே வாங்கிய ஐபுப்ரோஃபென் போதும், அந்த அளவு ஏறிவிட. வயிற்றுப்போக்கில் உடல் நீர் வற்றினாலும் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று குறித்த பரிசோதனைக்கு, நடுவில் வாங்கிய வலி மாத்திரை தெரியாது. வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டவரின் வாய்ப்புண்ணும் அடுத்த மாதப் பரிசோதனைக்காகக் காத்திருக்காது. கண்காணிப்பு என்பதில் விசாரிப்பும் அடங்கும். க்ளோசபினிலேயே கடும் மலச்சிக்கல் உயிரைப் பறிக்கும். எந்த ரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது, யாராவது வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

2025-இல் அமெரிக்காவே க்ளோசபினுக்கான கட்டாயப் பதிவுமுறையைக் கைவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ரத்த முடிவைப் பதிவு செய்தால்தான் மருந்து என்ற விதி, தேவைப்பட்டவர்களுக்கே மருந்து கிடைக்காமல் செய்தது. விதி போனது, ரத்தம் பார்க்கும் பரிந்துரை மருந்தின் விவரக் குறிப்பில் அப்படியே இருக்கிறது. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். 2012-இல் ஸ்டேட்டின் மாத்திரைகளுக்கு அவ்வப்போது கல்லீரல் பரிசோதனை செய்யும் வழக்கத்தை அமெரிக்கா கைவிட்டதும் சரியே. கடுமையான கல்லீரல் பாதிப்பு மிக அரிது. வழக்கமான பரிசோதனை அதை முன்கூட்டிப் பிடிப்பதுமில்லை. பயன் தராத பரிசோதனையை நிறுத்தத் துணிந்தவர்கள் சொன்னால்தான் பயன் தருவதை மக்கள் நம்புவார்கள். எழுபது அம்சப் ‘பேக்கேஜ்’ விற்கும் லேப் விளம்பரங்களுக்கு அந்தத் தகுதி கிடையாது.

பக்கவிளைவைச் சொன்னால் நோயாளி பயந்து மருந்தை நிறுத்திவிடுவார் என்பது நம்மிடையே பழகிப்போன அச்சம். என்ன வரலாம், எப்போது பார்ப்போம், வந்தால் என்ன செய்வோம் என்று சேர்த்துச் சொன்னால் பயத்துக்கு ஒரு வழி கிடைக்கிறது. நாம் சொல்லாததைச் செல்பேசி சொல்லும்; அது முதல் பாதியோடு நின்றுவிடும்.

செலவு பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. வெள்ளணுக்களை எண்ணுவது விலை குறைந்த பரிசோதனைதான். நோயாளிக்கு வலிப்பது பேருந்துக் கட்டணமும் போன நாளின் கூலியும். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு போகிறது. அந்த மாத்திரைகளிலேயே எனலாப்ரில் போன்ற சிலவற்றுக்கு கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். மாத்திரை போகும் வழியில் ரத்த மாதிரி திரும்பி வர முடியுமா என்பதை இரண்டாம் அமர்வு ஆராயட்டும்.

முதல் அமர்வுக்கு நான் வைப்பது இதைவிடச் சிறிய கோரிக்கை. மருந்துச் சீட்டில் அளவுக்குக் கீழே அடுத்த பரிசோதனையின் தேதி இருக்க வேண்டும். அதன் முடிவைப் படிக்கப் போகிறவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். க்ளோசபின் சாப்பிடும் ஒருவருக்கு நியூட்ரோஃபில் மைக்ரோலிட்டருக்கு 1,000-க்குக் கீழே இறங்கியிருப்பதை ஒரு சனிக்கிழமை மாலை ஆய்வகம் கண்டால், நுட்பநர் யாரை அழைப்பார்? இதற்கு ஒரு பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.