மான் கொம்பின் நிறம் எங்கிருந்து வருகிறது?



தோட்டத்து வீடுகள் சிலவற்றில் பழைய மான் கொம்பு ஒன்று சுவரில் மாட்டியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு கொம்பு சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கும். இன்னொன்று தேன் நிறமாக இருக்கும். மற்றொன்று வறுத்த காப்பிக்கொட்டை போல் கறுத்திருக்கும். கறுத்த கொம்புக்குத்தான் வீரியம் அதிகம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறதா என்று இன்று ஆராய்வோம்.

முதலில், மாட்டுக் கொம்பு வேறு, மான் கொம்பு வேறு. மாட்டின் கொம்பு நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆன உறை. அது விழுவதில்லை; அதன் கறுப்பும் உடம்பிலிருந்தே வருகிறது. மான் கொம்போ முழுக்க முழுக்க எலும்பு. அது விழுந்து, மறுபடி முளைக்கும். நம் நாட்டில் ரூசா என்றும், தமிழில் மிளா அல்லது கடமான் என்றும் சொல்லப்படும் பெரிய மானுக்கு ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் மூன்று கிளைகள் இருக்கும்.

கொம்பு வளரும்போது அதன்மேல் பட்டுப் போன்ற மென்மயிர்த் தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோல் நிறைய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அவற்றின் வழியாகவே வந்து சேருகிறது. ஜார்ஜ்டவுன் சீன மருந்துக் கடைகளில் மெல்லிய வில்லைகளாக விற்பது இந்த இளங்கொம்புதான். அந்த வில்லைகளில் தெரியும் சிவப்பு, காய்ந்த இரத்தத்தின் நிறமே.

வளர்ச்சி முடிந்ததும் இரத்த ஓட்டம் நின்று தோல் காய்கிறது. மான் கொம்பை மரத்தில் தேய்த்துத் தோலை உரித்துவிடுகிறது. அப்போது வெளிப்படும் கொம்பு எலும்பின் வெண்மையோடு, அங்கங்கே இரத்தக் கறையோடு இருக்கும். அப்படியானால் பழுப்பும் கறுப்பும் எப்படி வந்தன?

விடை நமக்குப் பழக்கமான ஒன்றில் இருக்கிறது. வாழை மரம் வெட்டும்போது சட்டையில் தெறிக்கும் சாறு முதலில் கண்ணுக்கே தெரியாது. சற்று நேரம் கழித்துப் பழுப்பாகிறது. பிறகு எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாது. மங்கில் விழும்போது ரப்பர் பால் வெள்ளைதான். வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் பழுப்பாகிக் கறுத்துவிடுகிறது. செடிச் சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து நிறம் மாறுவதே இதற்குக் காரணம்.

மான் கொம்பிலும் இதுவே நடக்கிறது. தோல் உரிந்த பிறகும் மான் பட்டையிலும் புதரிலும் கொம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பட்டை கிழிந்து சாறு கசிந்து, கொம்பின் வரிப்பள்ளங்களிலும் முண்டுகளிலும் இறங்கிக் காய்ந்து கறையாகிறது. எந்த மரம், எத்தனை நாள் தேய்த்தது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். மிளா சேற்றில் புரளும் பழக்கமுள்ளது. சேறும் தன் பங்குக்குச் சாயம் சேர்க்கிறது. நுனி மட்டும் தேய்ந்து தேய்ந்து மெருகேறி வெளுத்து நிற்கும். அமெரிக்காவின் எல்க் என்னும் பெரிய மானுக்கும் கொம்பு பழுப்பாகவும் நுனி தந்தம் போலவும் இருப்பது இதனால்தான். மரமே இல்லாத அடைப்பில் வளரும் மானின் கொம்பு பெரும்பாலும் வெளுத்தே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. குளிர் நாட்டு மான்களுக்குக் கொம்பு விழவும் முளைக்கவும் குறிப்பிட்ட பருவம் உண்டு. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் மிளாக்களுக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. ஒரே காட்டில், ஒரே மாதத்தில், ஒன்றுக்குத் தோல் போர்த்த கொம்பும், இன்னொன்றுக்கு வெண்கொம்பும், மூன்றாவதற்குக் கருங்கொம்பும் இருக்கலாம்.

விழுந்த பிறகும் நிறம் மாறும். வெயிலில் கிடந்தால் வெளுத்து வெடிக்கும். ஈரத்தில் கிடந்தால் பாசி பிடித்துப் பச்சையாகும். முள்ளம்பன்றியும் எலியும் சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறித்துத் தின்னும்.

ஆகவே கறுப்பு என்பது மேற்பூச்சு. கறுத்த கொம்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிய எலும்புதான். கத்திப்பிடி செய்பவர்கள் வெளுத்த கொம்பைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் ஊறவைத்தே பழுப்பாக்கிவிடுவார்கள். நிறத்தைப் பார்த்து வீரியத்தையோ மானின் வயதையோ கணக்கிட முடியாது. வயதான கலைமான் அதிகம் தேய்ப்பதால் அதன் கொம்பு கறுத்திருக்கலாம். ஆனால் அது திட்டமான அளவு அல்ல. பிள்ளைக்கு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் கருங்கொம்பை உரைத்துப் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே நல்லது. கொம்புக்குக் கொடுக்கும் பணம் மருந்துக்கு உதவும்.

இந்தத் தவறான நம்பிக்கைக்கு மான்களும் விலை கொடுக்கின்றன. மிளாவை அழியும் ஆபத்துக்கு இலக்கான இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008ஆம் ஆண்டில் பட்டியலிட்டது. பினாங்கிற்கு அண்டையிலுள்ள பேராக் மாநிலத்தின் பெலும் காட்டில், உப்பு மண் நக்க வரும் மிளாக்களை நம்பியே புலிகளும் வாழ்கின்றன. தீபகற்ப மலேசியக் காடுகளில் புலிகள் 150க்கும் குறைவே. மான் குறைந்தால் பசித்த புலி காட்டோரத் தோட்டத்து மாட்டைத் தேடி வரக்கூடும்.

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மிளாவை வேட்டையாடுவது மட்டுமல்ல, அதன் உறுப்புகளை வைத்திருப்பதும் குற்றம். கொம்பும் அதில் அடங்கும். காட்டோரத்தில் கொம்பைக் கண்டால் வீட்டுக்கு எடுத்து வராமல் விட்டுவிடுவோம். கண்ணியைக் கண்டால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிப்போம்.

விலங்குக் காட்சிச் சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது கலைமானின் கொம்பையும், அது தேய்த்த மரத்தையும் சேர்த்துக் காட்டுவோம். சாயம் எங்கிருந்து வந்தது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.