ஐ.பி.எம். கொம்பனியின் தலைசிறந்த ஆக்கம் எது?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று எமக்குத் தரப்பட்ட பொருள் ஒரு வினாவாகும். நூறாண்டுக்கு மேலாகக் கணக்குப் பொறிகளையும் கணினிகளையும் ஆக்கிவரும் அமெரிக்கக் கொம்பனியாகிய ஐ.பி.எம். உலகுக்கு அளித்தவற்றுள் தலைசிறந்தது எது என்பதே அவ்வினா. விடையளிக்கப் புகுமுன் அளவுகோல் ஒன்றை வகுத்துக்கொள்ளுதல் முறை. கண்டோர் வியந்தது எது என்று கேட்டால் ஒரு விடை கிடைக்கும். பெரும் பொருள் ஈட்டியது எது என்று கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். நாம் கேட்பது இவ்விரண்டுமன்று. மனிதர் செய்து முடித்த வேலையை எது வீணாகாமற் காத்தது? அதன்மேல் அடுத்தவர் வந்து கட்டியெழுப்ப எது இடங்கொடுத்தது? இதுவே எமது அளவுகோல்.

முதலிற் கொம்பனியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பிலே, துளையிட்ட அட்டைகளை எண்ணும் பொறியொன்று பயன்படுத்தப்பட்டது. அதனை ஆக்கியவர் ஹேர்மன் ஹொலரித். அவருடைய கொம்பனியும் வேறு சிலவும் 1911இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அந்த நிறுவனமே 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. அட்டையிலே தொடங்கியவர்கள் பின்னர்க் கணினிக்கு வந்தனர்.

இனி, பரிசுக்குப் போட்டியிடும் ஆக்கங்களை ஒவ்வொன்றாக அழைப்போம்.

முதலில் வருவது வன்தட்டு. 1956இல் வெளிவந்த அப்பொறி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்களைக் கொண்டது. ஒரு தொன் அளவு நிறையுடையது. அது தாங்கியதோ ஐம்பது இலட்சம் எழுத்துக்கள் மாத்திரமே. ஆயினும், அட்டைக் கட்டை முதலிலிருந்து புரட்டாமல் வேண்டிய பதிவை வேண்டிய கணத்தில் எடுக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியது அதுவே. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் றெய்னோல்ட் ஜோன்சன் முன்னர்ப் பள்ளிக்கூட ஆசிரியராயிருந்தவர் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு கேட்பார்கள்.

அடுத்தது போர்ட்ரான் என்னும் மொழி. ஜோன் பக்கஸ் என்பவரின் குழுவினர் 1957இல் இதனை வெளியிட்டனர். பொறிக்கு மட்டும் விளங்கும் எண் வரிசைகளை எழுதிக் களைத்த அறிவியலாளர், தாம் பழகிய கணிதச் சூத்திரங்களை ஒத்த வடிவிலேயே கட்டளைகளை எழுத வழி பிறந்தது.

மூன்றாவது, றொபேட் டெனாட் 1966இல் எண்ணி 1968இல் உரிமம் பெற்ற நினைவகம். ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்து ஒரு பிட்டைத் தாங்கும் என்பது அவர் கண்ட எளிமை. இன்று எம்மவர் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியின் நினைவகமும் அதே வழியிலேதான் இயங்குகின்றது.

நான்காவது, எட்கார் கொட் 1970இல் வெளியிட்ட தொடர்புசார் தரவு மாதிரி. தரவு எங்கே, எவ்விதம் அடுக்கப்பட்டுள்ளது என்பதைக் கேட்போன் அறிய வேண்டியதில்லை. வேண்டியது இன்னதென்று கூறினாற் போதும் என்றார் அவர். ஐந்தாவது, 1981 ஆகஸ்ட் 12ஆம் நாள் வெளிவந்த தனியாள் கணினி. இவையன்றி, 1974இல் ஓகாயோ மாநிலக் கடையொன்றிலே முதன்முதல் வாசிக்கப்பட்ட பட்டைக் குறியீடும், சூரிச் ஆய்வகத்தில் உருவாகி 1986இல் நோபல் பரிசு பெற்ற நுண்காட்டியும் உண்டு. நேரங் கருதி அவற்றை வாழ்த்தி அனுப்பிவிடுவோம்.

சபையோரே! இவை யாவும் பெரியவையே. ஆயினும் எமது வாக்கு வேறொன்றுக்கே உரியது. அது 1964 ஏப்ரில் 7ஆம் நாள் அறிவிக்கப்பட்ட "சிஸ்டம் 360" என்னும் கணினிக் குடும்பம்.

அதற்கு முன்னிருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். அறிவியலுக்கு ஒரு வகைக் கணினி. வணிகத்துக்கு இன்னொரு வகை. ஒன்றுக்கு எழுதிய கட்டளைத் தொகுதியை மற்றொன்று ஏற்காது. சிறிய கணினியை வாங்கிய அலுவலகம் வளர்ந்து பெரியதை வாங்கினால், பல ஆண்டுகளாகப் பலர் இருந்து எழுதியவற்றை மீண்டும் எழுத வேண்டும். வீட்டை விட்டுப் பெரிய வீட்டுக்குப் போகிறவன் தட்டுமுட்டுச் சாமான் அனைத்தையும் தீயிலிட்டுவிட்டுப் போவதுபோன்ற நிலை அது.

1961ஆம் ஆண்டின் இறுதியிலே கொம்பனியின் குழுவொன்று துணிவான ஆலோசனை ஒன்றை முன்வைத்தது. உள்ளதைத் திருத்துவதை விட்டு, சிறியதுமுதற் பெரியதுவரை ஒரே கட்டளை மொழியை விளங்கிக்கொள்ளும் புதிய குடும்பத்தை ஆக்குக என்பதே அது. தலைவராயிருந்த தொமஸ் வாட்சன் இளையவர் அதனை ஏற்றார். ஜீன் அம்டால், கெரிற் பிளாவ், பிரெட் புறூக்ஸ் ஆகியோர் அதன் அமைப்பை வகுத்தனர். செலவு ஏறக்குறைய 500 கோடி டொலர். அக்கொம்பனியின் அன்றைய ஓராண்டு வருமானத்திலும் அது மிகுந்தது. தன் கையிலிருந்து நன்றாக விலைபோன பொறிகளைத் தானே பழையவையாக்கிவிட அந்நிறுவனம் உடன்பட்டது. வட்டத்தின் 360 பாகைகளையும் தழுவுவது என்னும் கருத்திலே பெயரும் இடப்பட்டது.

இது எவ்வாறு இயன்றது? கட்டளையின் பொருள் வேறு, அதனை நிறைவேற்றும் மின்சுற்று வேறு என்று பிரித்தமையே இதன் சூட்சுமம். சிறிய கணினி ஒரு கட்டளையைப் பல சிறு படிகளாகச் செய்யும், பெரியது விரைவாகச் செய்யும், விடையோ ஒன்றே. பழைய 1401 கணினிக்கு எழுதியவற்றைக்கூட 360 குடும்பத்தின் சிறிய கணினியில் ஓட்டுவதற்கு வழி செய்தனர். அன்று அக்குடும்பத்துக்கென எழுதப்பட்ட தொகுதிகள் அதன் வழிவந்த பெருங்கணினிகளில் இன்றும் இயங்கக்கூடியன. அறுபது ஆண்டு கடந்த பின்பும் பாட்டன் எழுதியதைப் பேரனின் பொறி வாசிக்கின்றது.

எதிர்த்தரப்பார் கூறுவனவற்றையும் கேட்போம். "தனியாள் கணினியன்றோ வீட்டுக்கு வீடு சென்றது?" என்பர். உண்மை. ஆனால் அதன் மூளை இன்ரெல் நிறுவனத்தது. இயக்க முறைமை மைக்ரோசொப்ற் நிறுவனத்தது. பிறரும் அதற்கு ஒத்த பொறிகளைச் செய்ய முடிந்தமையாலேயே அது பரவிற்று. எவர் செய்த பொறியாயினும் எழுதிய தொகுதி ஓட வேண்டும் என்னும் 360இன் கொள்கையே அங்கும் வென்றது.

"கொட்டின் மாதிரி?" என்பர். இதுவே வலிய வாதம். வங்கிக் கணக்குமுதல் வைத்தியசாலைப் பதிவுவரை அவர் கருத்து வேரூன்றியுள்ளது. ஆனால் எமது வினா கொம்பனியின் ஆக்கத்தைப் பற்றியது. தன்னிடமிருந்த பழைய தரவுத்தள விற்பனையை எண்ணி ஐ.பி.எம். தயங்கி நின்றது, 1979இல் வேறொரு நிறுவனம் அக்கருத்தைச் சந்தைக்கு முந்திக் கொண்டுவந்தது. கொட்டின் பெருமை கொட்டுக்கே உரியது. 360இலோ கொம்பனி முழுவதும் தன்னைப் பணயமாக வைத்தது.

"இப்பொருத்தமே வாங்கினவர்களைக் கட்டிப்போடும் கயிறுமாயிற்றே?" என்பாரும் உளர். அதனை நாம் மறுக்கவில்லை. 1969இல் அமெரிக்க அரசு ஏகபோக வழக்குத் தொடர்ந்தது. 1982இல் அது கைவிடப்பட்டது. ஆயின் அதே பொருத்தந்தான் அம்டால் விலகிச் சென்று 1970இல் தமக்கென ஒரு கொம்பனி நிறுவி, ஐ.பி.எம். தொகுதிகளை ஓட்டும் கணினிகளைச் செய்யவும் இடங்கொடுத்தது. கட்டவும் அவிழ்க்கவும் வல்லது அக்கயிறு.

இங்கே தமிழராகிய எம்மைத் தொடும் செய்தியொன்று உண்டு. 360க்கு முன் ஓரெழுத்தைக் குறிக்க ஆறு பிட் போதுமென்பது பெருவழக்கு. ஆறு பிட்டாற் குறிக்கக்கூடியவை 64 மாத்திரமே; ஆங்கிலச் சிற்றெழுத்துக்களுக்கே அங்கு இடமில்லை. புறூக்ஸ் அதனை எட்டு பிட் ஆக்கினார். தாம் செய்த முடிவுகளுள் அதுவே முதன்மையானது என்று அவரே பிற்காலத்திற் கூறினார். அந்த எட்டு பிட் பைட்டே உலக வழக்காயிற்று. இன்று யூனிகோட் எழுத்துக்களை யூரிஎப்-8 முறையிற் சேமிக்கும்போது, தமிழின் 'க' மூன்று பைட்டுகளில் அமர்கின்றது. 'கு' ஆறு பைட்டுகளில் அமர்கின்றது.

பொருத்தமின்மை என்ன துன்பந் தரும் என்பதை நாம் நூல்களிற் படித்தறிய வேண்டியதில்லை. பாமினி முதலிய எழுத்துருக்களிலே தட்டச்சுச் செய்த கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே வரும். எத்தனை சங்கங்களின் மலர்களும், எத்தனை ஆசிரியர்களின் பாடக் குறிப்புக்களும், ஊர் வரலாறுகளும் அவ்வாறு பழைய வட்டுக்களிலே பூட்டுண்டு கிடக்கின்றன! எழுதியவர் மறைந்தபின் அவற்றைத் திறப்பவர் யார்? கோப்பு அழியவில்லை, ஆயினும் வாசிப்பாரில்லை. இழப்பு என்பது இதுவே.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுள் கணினி கற்றோர் பலர் இருக்கின்றீர்கள். உங்கள் ஊரில் வயது முதிர்ந்த ஒருவரிடமேனும் சென்று, அவர் தட்டிவைத்த தமிழை யூனிகோட்டுக்கு மாற்றிக் கொடுங்கள். மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேண்டியது ஒரு பின்னேரப் பொழுது. மாற்றியதை ஒருமுறை ஒப்பிட்டுப் பிழை திருத்துங்கள். ஒரு படியை நூலகத்துக்கும் கொடுங்கள். நாளை நீங்கள் ஒரு செயலியை ஆக்கும்போதும், இதிலே எழுதியது இருபது ஆண்டின் பின் வேறொரு பொறியில் திறக்குமா என்று முதலிற் கேளுங்கள்.

புதியதை ஆக்குவோர் பலர். புதியதை ஆக்கும்போதே பழைய உழைப்பைக் கைவிடாதவர் சிலர். 1964இல் ஒரு கொம்பனி அந்தச் சிலருள் ஒன்றாக நின்றது. அதனாலேயே எமது வாக்கை 360க்கு அளித்தோம். மாறுபட்ட கருத்துடையோர் எழுந்து வாதிடுக, கேட்பதற்கு ஆவலாயிருக்கின்றோம்.